ஒலி ஒன்று, எழுத்து வேறு

ஒலிப்பால் ஒன்றாகவும் எழுத்தாலும் பொருளாலும் வேறாகவும் அமைந்த சொற்களை மொழியியலார் 'ஹோமோஃபோன்', அதாவது ஒலியொப்புச் சொற்கள், என்பர். ஆங்கிலத்தில் இரவைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லும் குதிரைவீரனைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லும் செவிக்கு ஒன்றேயாயினும், பின்னது ஒலிக்கப்படாத 'கே' என்னும் எழுத்தில் தொடங்குகிறது. இத்தகைய எழுத்துகள் கற்போர்க்கு வீண்சுமையாகத் தோன்றினாலும், அவற்றுள் பல ஒருகாலத்தில் ஒலிக்கப்பட்டவையே.

பழைய ஆங்கிலத்தில் வீரனுக்குரிய சொல் ஏறத்தாழ 'க்னிஹ்ட்' என ஒலித்தது. அதன் முதலில் நின்ற ககரம் 17ஆம் நூற்றாண்டையொட்டி மறைந்தபின் அது இரவுக்குரிய சொல்லோடு கலந்துவிட்டது. எழுதுதலைக் குறிக்கும் 'ரைட்' என்ற சொல்லும் இவ்வாறே தன் முதலிலிருந்த 'டபிள்யூ' ஒலியை இழந்து, சரி எனப் பொருள்படும் 'ரைட்' போல் ஒலிக்கலாயிற்று.

உயிரொலிகளும் மாறின. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கில நெட்டுயிர்கள் படிப்படியாக இடம்பெயர்ந்ததை டென்மார்க் அறிஞர் ஆட்டோ யெஸ்பர்சன் 'பெரும் உயிரொலிப் பெயர்ச்சி' என்னும் பொருள்படப் பெயரிட்டார். இறைச்சியைக் குறிக்கும் 'மீட்', சந்தித்தலைக் குறிக்கும் 'மீட்' ஆகியவற்றின் உயிரொலிகள் முன்பு வேறுபட்டிருந்து, பின்னரே ஈகாரமாக ஒன்றுபட்டன. இம்மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தபோதே, 1476இல் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவ, அச்சுத்தொழில் பரவப் பரவ எழுத்துக்கூட்டல் நிலைபெற்றது. ஒலியோ தொடர்ந்து மாறியது. தமிழகத்தின் பல பகுதிகளில் 'கரி', 'கறி' ஆகியவற்றின் ஒலிவேறுபாடு பேச்சில் தேய்ந்தபின்னும் எழுத்து அதனைக் காத்துவருவது இதற்கு ஒப்பாகும்.

வேறு சில இணைகள் ஒரே வேரிலிருந்து பிரிந்தவை. அசையாது நிற்பதையும் எழுதுபொருளையும் குறிக்கும் இரு 'ஸ்டேஷனரி'களுக்கும் மூலம் ஒரே இலத்தீன் சொல்லாகும். இடைக்காலத்தில் ஊர் ஊராகத் திரியாமல் ஓரிடத்தில் கடை வைத்திருந்த புத்தக வணிகர் 'ஸ்டேஷனர்' எனப்பட்டார். அப்பெயரின் இறுதியிலுள்ள 'ஈ ஆர்' எழுத்துகளே எழுதுபொருளுக்குரிய சொல்லில் தொடர்கின்றன. மற்றதில் அவ்விடத்தில் 'ஏ ஆர்' வருகிறது. நிறைவு செய்வதைக் குறிக்கும் 'காம்ப்ளிமென்ட்' நடுவில் 'ஈ' பெறுவதை, முழுமையைக் குறிக்கும் 'கம்ப்ளீட்' என்ற சொல்லோடு அதற்குள்ள உறவு நினைவூட்டும். பாராட்டைக் குறிக்கும் சொல் அங்கே 'ஐ' பெறும்.

இணையின் இரு வடிவங்களும் அகராதிச் சொற்களாதலால், எழுத்துப்பிழை காட்டும் எளிய கணினி நிரல் இவற்றின் மயக்கத்தைப் பிழையெனக் காணாது. ஆகவே ஒலியை மட்டும் நம்பி எழுதாமல், ஒவ்வொரு சொல்லையும் அதன் உறவுச் சொற்களோடு சேர்த்துக் கற்பதே பயன்தரும் வழியாகும்.