மணலியில் கரி சுமக்கும் தூள்

வடசென்னையின் மணலியில் 1969 முதல் இயங்கிவரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, இந்திய அரசும் அமெரிக்காவின் அமோக்கோவும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் கூட்டாக 1965இல் தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனத்தால் அமைக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் அந்நிறுவனம் சென்னைப் பெட்ரோலியக் கழகம் என்று பெயர் மாறியது. சென்னைத் துறைமுகத்திலிருந்து குழாய் வழியே வரும் கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தால் மட்டும் தேவையான அளவு பெட்ரோல் கிடைத்துவிடாது. பெட்ரோலின் மூலக்கூறுகளில் 5 முதல் 12 வரையிலான கார்பன் அணுக்களே இருக்க, வடித்தபின் எஞ்சும் கனமான எண்ணெயில் அவை பல மடங்கு நீண்ட சங்கிலிகளாக இருப்பதால், அவற்றை உடைத்தாக வேண்டும்.

உடைக்கும் பணியைச் செய்வது வினையூக்கி, அதாவது தான் செலவாகாமல் வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள். இங்கு அது சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் ஆகியவற்றாலான சியோலைட் என்னும் நுண்துளைப் படிகம் கலந்த தூளாகும். ஏறத்தாழ 70 மைக்ரான் பருமனுள்ள இதன் துகள்கள், எண்ணெய் ஆவி உந்தும்போது நீர்போல் ஓடுகின்றன. செங்குத்துக் குழாயில் சுமார் 530 டிகிரி செல்சியஸில் சில நொடிகளே ஆவியோடு கலந்து மேலேறும் தூள், அதற்குள் சங்கிலிகளை உடைத்துவிட்டுத் தன்மேல் கரி படிந்து செயலிழக்கிறது. பின்னர், புதுப்பிப்புக் கலனில் காற்று செலுத்தி ஏறத்தாழ 700 டிகிரியில் அக்கரி எரிக்கப்பட, தூய்மையான தூள் அந்த வெப்பத்தையும் சுமந்துகொண்டு குழாயின் அடிக்குத் திரும்பி, புதிய எண்ணெயை ஆவியாக்கி உடைக்கிறது. கழிவான கரியே அடுத்த சுற்றுக்கு எரிபொருளாகும் இந்த ஏற்பாடு, வேதிப் பொறியியலின் மிக அழகிய தீர்வுகளுள் ஒன்று. மணலிச் சாலையில் செல்வோர் காணும் உயரமான சுடர் உபரி வாயுக்களை எரிப்பது. தூளைப் புதுப்பிக்கும் நெருப்பு வெளியே தெரிவதில்லை.

எல்லா எண்ணெயும் இத்தூளுக்கு ஒத்துப்போவதில்லை. கெரோஜன் என்னும் கரிமப் பொருள் செறிந்த ஷேல் பாறையைச் சூடாக்கிப் பெறும் எண்ணெயில் நைட்ரஜன் மிகுதி. அதன் காரச் சேர்மங்கள் சியோலைட்டின் அமில மையங்களைப் பற்றிக்கொண்டு முடக்குவதால், முதலில் ஹைட்ரஜன் செலுத்தி நைட்ரஜனை நீக்க வேண்டியிருக்கிறது. கந்தகமும் ஹைட்ரஜனாலேயே அகற்றப்படுகிறது. 2020 ஏப்ரலில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகள், பெட்ரோலில் அனுமதிக்கப்படும் கந்தகத்தைப் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைத்தன. ஏனெனில் வாகனத்தின் புகைக்குழாயிலும் ஒரு வினையூக்கி உண்டு, கந்தகம் அதன் திறனையும் கெடுக்கும்.