வழித்துணை வேண்டும் ஊர்

கிரீன்லாந்தின் கிழக்குக் கரையில், வட அட்சரேகை 70 பாகையைச் சற்றே தாண்டி, உலகிலேயே மிகப் பெரிய ஃபியோர்டுத் தொகுதியான ஸ்கோர்ஸ்பி சுண்டின் முகத்துவாரத்தில், ஏறக்குறைய 350 பேர் வசிக்கும் இட்டோக்கோர்டூர்மீட் என்னும் சிற்றூர் இருக்கிறது. எய்னர் மிக்கெல்சன் என்ற டேனிஷ் ஆராய்ச்சிப் பிரயாணி 1924-இல் இங்கே வீடுகள் எழுப்புவித்தார். மறு வருஷம், தெற்கே அம்மாசலிக் பிரதேசத்திலிருந்து இனூயிட் வேட்டைக் குடும்பங்கள் கப்பலேறி வந்து குடியமர்ந்தன. அன்றுதொட்டு இன்றுவரை வேறெந்த ஊரிலிருந்தும் இதற்குச் சாலை கிடையாது.

ஐஸ்லாந்திலிருந்து புறப்படும் சிறு விமானம், ஊரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நெர்லெரிட் இனாட் நிலையத்தில் நம்மை இறக்கிவிடும். அங்கிருந்து ஹெலிகாப்டரில் கால் மணிப் பிரயாணம்தான் என்றாலும், மூடுபனி கவிந்துவிட்டால் அந்தக் கால் மணிக்காக நாள்கணக்கில் காத்திருக்க நேரும். கோடையில் படகிலும், பனிக்காலத்தில் நாய் வண்டியிலோ பனி மோட்டாரிலோ அத்தூரத்தைக் கடப்பவர்களும் உண்டு.

ஊருக்குள் எங்கும் நடந்தே போகலாம். சரிவில் வர்ணம் பூசிய மரவீடுகள். அவற்றின் அருகே சங்கிலியில் கட்டிய வண்டி நாய்கள். அவை உழைப்பதற்கென்றே வளர்க்கப்படுபவை. வேட்டைக்காரரின் அனுமதியின்றி யாரும் அவற்றை நெருங்கலாகாது. கடைசி வீட்டைத் தாண்டினாலோ வெண்கரடியின் ராஜ்யம். சில சமயம் அது ஊருக்குள்ளேயே வந்துவிடுவதுண்டு. ஆகையால் துப்பாக்கி ஏந்திய உள்ளூர் வழிகாட்டி இல்லாமல், அதோ தெரிகிறதே என்று எந்தக் குன்றையும் நோக்கி நடந்துவிடக் கூடாது.

இங்கே பிரயாணத்தின் மெய்யான சுகம் நாய் வண்டியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு நாய்க்கும் தனித்தனிக் கயிறு. எல்லாம் வண்டியின் முகப்பில் ஒன்றுசேர, நாய்கள் விசிறி விரித்தாற்போல் பரந்து ஓடும். ஓடும்போதே அவை இடம் மாறி மாறிப் பாய்வதால் கயிறுகள் பின்னிக்கொள்ளும். வண்டியோட்டும் வேட்டைக்காரர் வண்டியை நிறுத்தி, அந்தக் கடுங்குளிரில் கையால் சிக்கெடுத்துவிட்டுத் தொடர்வார். உறைந்த கடலின்மேல் சந்தேகம் தோன்றும் இடத்தில் இறங்கி, இரும்பு முனை பதித்த கழியால் பனியைக் குத்திப் பார்த்த பிறகே முன்னே போவார். திரும்பிப் போகவேண்டும் என்று அவர் சொன்னால், நாம் கொடுத்த பணத்தையும் வகுத்துவைத்த திட்டத்தையும் மறந்து உடனே இணங்குவதுதான் விவேகம். ஏனெனில் இந்தப் பனியின் குணத்தைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள் இவ்வூர் வேட்டைக்காரர்கள், நாமோ நேற்று வந்தவர்கள்.

வடக்கே, 1974-இல் ஏற்பட்ட உலகின் மிகப் பெரிய தேசியப் பூங்கா விரிந்து கிடக்கிறது. அதற்குள் நுழைய முன்கூட்டியே அரசாங்க அனுமதி பெறவேண்டும்.

இன்னொரு விஷயமும் யாத்திரிகர் நினைவில் கொள்ளத்தக்கது. வருஷத்தில் சுமார் ஒன்பது மாதம் கடல் உறைந்து கிடப்பதால், சரக்குக் கப்பல் கோடையில் ஓரிரு முறை மட்டுமே வரும். கடையில் இருப்பது அடுத்த கப்பல் வரும்வரை ஊர் முழுவதற்கும் ஆகவேண்டிய பண்டம். ஆகவே, போகிறவர்கள் தமக்கு வேண்டிய உணவில் ஒரு பகுதியையேனும் உடன் கொண்டுபோங்கள். திரும்பும் தேதிக்குப் பின்னே சில நாட்களையும் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.