காசநோய் மாத்திரையும் கண் பார்வையும்: எத்தாம்புட்டால் உட்கொள்வோர் அறிய வேண்டியவை

ஆலங்குளம் வட்டாரச் சிற்றூர்களில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றும் பெண்களுக்கு, நாற்பது வயதைக் கடந்ததும் நூல் கட்டும் இடம் மங்கலாகத் தெரியத் தொடங்குவது இயல்பே. அதனை வெள்ளெழுத்து என்று கருதிக் கண்ணாடி வாங்கிக்கொள்வதும் வழக்கமே. ஆனால் அவர் காசநோய்க்கு மருந்து உட்கொண்டு வருபவராக இருப்பின், அந்த மங்கலுக்கு வேறொரு காரணமும் இருக்கக்கூடும். காசநோய்க் கூட்டு மாத்திரையில் அடங்கியுள்ள எத்தாம்புட்டால் என்னும் மருந்து, சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதிக்கிறது. தொடக்கத்திலேயே அறிந்து மருத்துவர் அம்மருந்தை நிறுத்தினால் பார்வை மீள வாய்ப்பு உண்டு. காலம் தாழ்த்தினால் இழப்பு நிலைத்துவிடலாம்.

தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தின்கீழ் முதல் இரண்டு மாதங்களுக்கு ஐசோநியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புட்டால் ஆகிய நான்கும் ஒரே மாத்திரையாக வழங்கப்படுகின்றன. அடுத்த நான்கு மாதங்களுக்குப் பைரசினமைடு நீங்கலாக மற்ற மூன்றும் தொடர்கின்றன. முன்பு வாரம் மூன்று நாள் மருந்து தரப்பட்ட முறையில், புதிய நோயாளிகளுக்கு எத்தாம்புட்டால் இரண்டு மாதங்களோடு முடிந்துவிடும். தினசரி மருந்து முறை வந்த பின்னர் அது ஆறு மாதமும் நீடிக்கிறது. நோய்க்கிருமி மருந்துகளுக்குக் கட்டுப்படாமல் போவதைத் தடுக்க இது தேவையான ஏற்பாடு. ஆயினும், கண்ணைக் கவனிக்க வேண்டிய காலமும் அதனால் நீண்டுள்ளது.

பாதிப்பு பெரும்பாலும் மருந்தின் அளவைப் பொறுத்தது. உடல் எடையில் ஒரு கிலோவிற்கு 15 மில்லிகிராம் என்ற அளவில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே இது காணப்படுகிறது. அளவு 25 மில்லிகிராமை எட்டும்போது நூற்றில் ஐந்து அல்லது ஆறு பேருக்கு ஏற்படலாம். பெரியவர்களுக்கான ஒவ்வொரு கூட்டு மாத்திரையிலும் 275 மில்லிகிராம் எத்தாம்புட்டால் உள்ளது. ஆகவேதான் 35 முதல் 49 கிலோ வரை எடையுள்ளவருக்கு மூன்று மாத்திரைகள், 50 முதல் 64 கிலோ வரை எடையுள்ளவருக்கு நான்கு மாத்திரைகள் என்று எடை பார்த்து வழங்கப்படுகிறது. இம்மருந்து பெருமளவு சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரகம் பழுதுற்றவர்களின் உடலில் அது தேங்கும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் அதனைச் சிகிச்சை தொடங்கும் நாளிலேயே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். நீரிழிவு நோயாளிகளும் தமது சிறுநீரகத்தின் நிலையை அன்றே கேட்டறிய வேண்டும்.

இப்பாதிப்பில் வலி இராது, கண் சிவக்காது, பீளை தள்ளாது. வழக்கமாக இரு கண்களிலும், பார்வையின் நடுப்பகுதியில் மங்கல் தோன்றும். எதிரே நிற்பவரின் உடல் தெரியும், முகம் தெளிவாகத் தெரியாது. சிவப்பு நிறம் சாயம் போனது போலத் தோன்றும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினமாகும். பெரும்பாலும் மருந்து தொடங்கி இரண்டு மாதங்கள் கடந்த பின்னரே இது ஏற்படுகிறது. இருமல் நின்று, எடை கூடி, உடம்பு தேறிவிட்டது என்று நோயாளியும் வீட்டாரும் நிம்மதி அடையும் காலம் அது. தொடக்க நிலையில் மருத்துவர் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும்போது நரம்பு இயல்பாகவே காணப்படலாம். எனவே நோயாளி சொல்லும் சொல்லுக்கு இங்கு மதிப்பு மிகுதி.

1956ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தபடி மருந்து உட்கொள்வது மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு ஈடானது என்று மெய்ப்பித்தது. இன்று உலகெங்கும் காசநோயாளிகள் தம் வீட்டிலேயே குணமடைவதற்கு அந்த ஆய்வும் ஒரு காரணம். ஆனால் வீட்டில் செவிலியர் இல்லை. பார்வை மாறுவதை நோயாளியும் உடனிருப்பவருமே கண்டுகொள்ள வேண்டும்.

அதற்கு எளிய வழி உண்டு. சிகிச்சை தொடங்கும் வாரத்திலேயே, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மற்றொரு கண்ணால் செய்தித்தாளின் சிறிய எழுத்தைப் படிக்கவும். கண்ணாடி அணிபவர் அதனை அணிந்தே படிக்கவும். பிறகு நாட்காட்டியில் சிவப்பில் அச்சிட்ட ஞாயிற்றுக்கிழமைத் தாளைப் பார்க்கவும். அடுத்த கண்ணிற்கும் இவ்வாறே செய்யவும். மாதம் ஒருமுறை, அதே வெளிச்சத்தில், அதே தொலைவில் இதனைத் திரும்பச் செய்தால் மாற்றம் புலப்படும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பீடி நூலின் நிறத்தையும் ஊசிக் காதையும் கொண்டு பார்க்கலாம். சிறு குழந்தைகளால் மங்கலைச் சொல்லத் தெரியாது. பொருளைத் தடவித் தேடுவது, எதையும் முகத்தருகே கொண்டு செல்வது போன்ற மாற்றங்களைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

ரிஃபாம்பிசினால் கண்ணீரும் சிறுநீரும் செம்மஞ்சள் நிறமாவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அது தீங்கற்றது.

பார்வை மங்கியதும் மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொள்வதுதான் பெருந்தவறு. சொட்டு மருந்து பெரும்பாலும் கண்ணின் முன்பகுதியிலேயே செயல்படுகிறது. பாதிப்போ கண்ணின் பின்புறமுள்ள நரம்பில் உள்ளது. அச்சொட்டு மருந்தில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருந்தால், சில வாரங்களில் சிலருக்குக் கண் அழுத்தம் உயர்ந்து, அதே பார்வை நரம்பு மற்றொரு வழியிலும் சேதமடையும்.

மாற்றம் தெரிந்தால், அடுத்த வேளை மாத்திரையை உட்கொள்ளும் முன், அன்றே காசநோய்ப் பணியாளரையோ மருத்துவரையோ அணுகவும். ஆலங்குளம் பகுதி மக்கள் அங்குள்ள அரசு மருத்துவமனையை நாடலாம். கண் பரிசோதனைக்குத் தென்காசி அரசு தலைமை மருத்துவமனைக்குச் செல்லலாம். 104 என்ற எண்ணிலும், 1800 11 6666 என்ற கட்டணமில்லா எண்ணிலும் ஆலோசனை பெறலாம். எல்லா மருந்துகளையும் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் காசநோய் மீண்டும் தலைதூக்கும். கூட்டு மாத்திரையிலிருந்து ஒன்றை மட்டும் வீட்டில் பிரித்தெடுக்கவும் இயலாது. மருத்துவரே எத்தாம்புட்டாலை நீக்கி, மற்றவற்றைத் தனித்தனி மாத்திரைகளாகத் தருவார். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு லினசோலிட் பெறுபவர்களுக்கும் பார்வை நரம்பு பாதிக்கப்படலாம் என்பதால், அவர்களும் இம்மாதாந்தரப் பரிசோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும்.

மருந்தை நிறுத்திய மறுநாளே பார்வை திரும்பிவிடாது. வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகலாம். அதுவரை கண் மருத்துவர் குறித்த நாட்களில் பரிசோதனைக்குச் செல்லவும். எத்தாம்புட்டால் ஒத்துக்கொள்ளவில்லை என்பதைச் சிகிச்சை அட்டையில் எழுதி வாங்கிப் பத்திரப்படுத்தவும். பின்னாளில் வேறெந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் அந்த அட்டையை முதலில் காட்டவும்.