அந்த ஏப்ரலில் வந்திருந்தால்...

லண்டன் நாடாளுமன்றத்தின் எதிரே ஜெர்மன் சிப்பாய்கள் நடைபோடுகிறார்கள். பின்னால் பிக் பென் தன் இடத்தில் அப்படியே நிற்கிறது. பழைய செய்திப்படம்போலக் கறுப்பு வெள்ளை. நான் எத்தனையோ முறை பேருந்தில் கடந்த சாலை அது. நடக்கவே நடக்காத ஒன்றைப் பார்த்து எனக்கு உடம்பு சில்லிட்டது.

படத்தின் பெயர் 'இட் ஹேப்பண்ட் ஹியர்'. 'இது இங்கேதான் நடந்தது' என்று பொருள். 1940இல் ஹிட்லரின் படை இங்கிலாந்தில் இறங்கி வென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே கதை. 1956இல் இதைத் தொடங்கியபோது கெவின் பிரவுன்லோவுக்கு வயது 18. சீருடைகளைத் தேடிப் போன இடத்தில் 16 வயது ஆண்ட்ரூ மோலோ அறிமுகமானார். ராணுவ உடைகளைச் சேகரிப்பதில் பித்துக்கொண்ட பையன். எடுத்தவரை போட்டுக் காட்டியபோது, எது எது தவறு என்று அவர் வரிசையாகச் சொன்னார். பெரும்பகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டு இருவரும் சேர்ந்து முதலிலிருந்து எடுத்தார்கள். எட்டு வருடங்கள் ஆயின. நடித்தவர்களில் பெரும்பாலோர் நடிப்பைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள். ஸ்டான்லி கூப்ரிக் தன் படத்தில் மிச்சமான பிலிம் துண்டுகளைக் கொடுத்து உதவினார்.

கதையின் மையத்தில் தளபதியோ ஒற்றனோ கிடையாது. பாலின் என்ற நர்ஸ் இருக்கிறாள். அரசியல் வேண்டாம், நோயாளியைக் கவனித்தால் போதும் என்று நினைப்பவள். ஆனால் ஆக்கிரமிப்பு லண்டனில் நர்ஸ் வேலை வேண்டுமானால் அவர்களின் அமைப்பில் சேர வேண்டும், சேர்கிறாள். சீருடையைக் கொடுக்கிறார்கள், போட்டுக்கொள்கிறாள். கடைசியில் ஒரு கிராமத்து மருத்துவமனை. காசநோயோடு வந்த போலந்து, ரஷ்யத் தொழிலாளர்களுக்கு, அவர்களின் குழந்தைகளுக்கு ஊசி போடுகிறாள். அது என்ன ஊசி என்பது மறுநாள் காலையில்தான் அவளுக்குத் தெரிகிறது.

மாற்று வரலாறு என்றால் பொதுவாக யார் ஜெயித்திருப்பார்கள் என்ற கணக்குத்தான். 1974இல் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கழகத்தில் இரு நாட்டு முன்னாள் அதிகாரிகளையும் நடுவர்களாக வைத்து, வராத அந்தப் படையெடுப்பை மேசைமேல் நடத்திப் பார்த்தார்கள். ஜெர்மானியர்கள் கரையேறுவார்கள், ஆனால் பிரிட்டிஷ் கடற்படை பின்வழியை அடைத்துவிடும், தோற்பார்கள் என்று முடிவு வந்தது. 1940 மே மாதக் கடைசியில், இத்தாலி மூலம் சமாதானம் கேட்கலாமா என்று ஐந்து பேர் கொண்ட போர் அமைச்சரவை மூன்று நாள்களில் ஒன்பது முறை கூடியதை வைத்தும் இப்படி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. சமாதானம் கேட்கலாம் என்ற அமைச்சர் ஹாலிஃபாக்ஸின் பேச்சு எடுபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சர்ச்சிலின் பெயரைச் சுற்றியே அந்தக் கதைகள் சுழலும். படிக்கச் சுவையானவைதான். ஆனால் அவற்றைப் படிக்கும்போது நாம் எப்போதும் வரைபடத்துக்கு மேலே நிற்கிறோம். பிரவுன்லோவும் மோலோவும் நம்மைக் கையைப் பிடித்துக் கீழே, வரிசையில் நிற்கும் ஒரு பெண்ணின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்.

அதனால்தான் படத்துக்கு அடி விழுந்தது என்று நினைக்கிறேன். நிஜ பாசிஸ்டுகள் சிலரையே கேமரா முன் உட்காரவைத்துத் தங்கள் கொள்கையைப் பேசவிட்டிருந்தார்கள். யூத அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. விநியோகித்த யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் அந்தச் சில நிமிடங்களை வெட்டியது. முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் அவை படத்துக்குள் திரும்பி வந்தன. எதிர்த்தவர்களின் வலியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தப் பகுதி படத்தில் இருக்க வேண்டும். இங்கே, இதே தெருக்களில், அப்படிப் பேச ஆட்கள் இருந்தார்கள் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

படம் முடிந்த பிறகு எனக்கு ஒரு விஷயம் பிடிபட வெகுநாள் ஆனது. 'பிரிட்டனுக்கு ஜெர்மானியர்கள் வந்திருந்தால்' என்று கற்பனை செய்யத் தேவையே இல்லை. வந்தார்கள். பிரெஞ்சுக் கரைக்குப் பக்கத்தில், பிரிட்டிஷ் மன்னரின் ஆளுகைக்கு உட்பட்ட கெர்ன்சி, ஜெர்சி உள்ளிட்ட தீவுகளை 1940 ஜூன் 30 முதல் பிடித்தார்கள். 1945 மே 9 வரை அங்கே ஸ்வஸ்திகா கொடி பறந்தது. கடிகாரத்தை ஜெர்மன் நேரத்துக்கு மாற்றினார்கள். வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடின. உள்ளூர் அதிகாரிகள் அதே மேசையில் இருந்து வேலையைத் தொடர்ந்தார்கள். யூதர்களைப் பதிவு செய்யும் ஆணை வந்தது, பதிவு செய்தார்கள்.

கெர்ன்சி மருத்துவமனையில் தெரேஸ் ஸ்டெய்னர் என்ற நர்ஸ் இருந்தார். ஆஸ்திரியாவிலிருந்து தப்பி வந்த யூதப் பெண். போக வேண்டும் என்ற ஜெர்மானியரின் உத்தரவை அவருக்குச் சொன்னது தீவின் போலீஸ்தான். 1942 ஏப்ரலில் அவரும், அகுஸ்ட் ஸ்பிட்ஸ், மரியான் க்ரூன்ஃபெல்ட் என்ற இரு பெண்களும் கப்பலேறினார்கள். ஜூலையில் பிரான்சிலிருந்து ஆஷ்விட்ஸ். மூவரும் திரும்பவில்லை. படத்தில் வருவது கற்பனை நர்ஸ். இவர் உண்மையான நர்ஸ்.

அந்த 1942 ஏப்ரல் என்னை விடவில்லை. ஏனென்றால் அதே ஏப்ரலில்தான் மெட்ராஸ் காலியானது.

5ஆம் தேதி ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. 9ஆம் தேதி திருகோணமலை. மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அடுத்தது மெட்ராஸ்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அரசாங்க அலுவலகங்கள் கடற்கரையை விட்டு உள்மாவட்டங்களுக்கு நகர்ந்தன. வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு குடும்பம் குடும்பமாக எழும்பூர் ரயிலுக்கு ஓடினார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் வெளியே வந்துவிடும் என்று மிருகக்காட்சி சாலையின் சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். 1914 செப்டம்பர் 22 அன்று 'எம்டன்' கப்பல் துறைமுகத்தைச் சுட்டதை நேரில் கண்டவர்கள் ஊரில் உயிரோடு இருந்த காலம். பயத்துக்குக் காரணம் இருந்தது.

ஜப்பான் வரவில்லை. அதனால் நம் வீடுகளில் அது ஒரு சுவாரசியமான கதையாகத் தங்கிவிட்டது. 'வந்திருந்தா வெள்ளைக்காரன் அப்பவே ஓடியிருப்பான், நேதாஜி வந்திருப்பார்' என்று திண்ணையில் பேசுவதை நானும் கேட்டு வளர்ந்தேன். அந்த ஆசையை இழிவாகப் பேச எனக்கு மனமில்லை. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து எத்தனையோ தமிழர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள்; ஜான்சி ராணிப் படையை நடத்தியவர் சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி. அவர்கள் எதிர்பார்த்த விடுதலை உண்மையானது.

ஆனால் ஜப்பான் வந்த இடங்களும் இருக்கின்றன. அங்கே போய்ப் பார்க்க வேண்டும். அந்தமானுக்கு 1942 மார்ச்சில் வந்தார்கள். 1943 டிசம்பர் கடைசியில் நேதாஜியே போர்ட் பிளேருக்கு வந்து கொடி ஏற்றினார். ஒரு மாதம் கழித்து, 1944 ஜனவரி 30 அன்று, ஹம்ஃப்ரிகஞ்சில் 44 இந்தியர்களை ஒற்றர்கள் என்று சொல்லி ஜப்பானியர்கள் சுட்டுக் கொன்றார்கள். இந்தியச் சுதந்திரச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் அவர்கள். அதற்கு முன் நேதாஜி வந்தபோது, தீவில் நடந்தவற்றில் ஒரு வார்த்தைகூட அவர் காதுக்கு எட்டவிடவில்லை.

மலாயாவுக்கும் வந்தார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. பால்மரம் வெட்டிய கைகளுக்கு வேலை போனது; சோற்றுக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு. பிறகு, நல்ல கூலி, சாப்பாடு, சில மாத வேலை என்று சொல்லியும், சொல்லாமல் பிடித்தும், லாரியிலும் சரக்கு ரயிலிலும் ஏற்றினார்கள். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1943 அக்டோபரில் முடித்தார்கள். இடையில் மழை, காலரா, மலேரியா. இரண்டு லட்சத்துக்கும் அதிகமான ஆசியத் தொழிலாளர்களில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அவர்களில் தோட்டத் தமிழர்கள் ஏராளம். மலேசியத் தமிழர்கள் இன்றும் அதைச் 'சயாம் மரண ரயில்' என்றுதான் சொல்கிறார்கள். மெட்ராஸில் ரயிலைப் பிடித்துத் தப்பியவர்களின் அண்ணன் தம்பிகள், சித்தப்பன் மாமன்மார்தான் அவர்கள். நாம் 'வந்திருந்தால்' என்று கேட்ட கேள்விக்கு அவர்கள் உடம்பால் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே லண்டனில் அந்தப் பாதையைப் பற்றிப் பேச்செடுத்தால் பலருக்கும் நினைவுக்கு வருவது குவாய் நதிப் பாலமும் அந்த 1957 படமும் பிரிட்டிஷ் போர்க்கைதிகளும்தான். நேச நாட்டுக் கைதிகள் சுமார் 60,000 பேரில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள், துயரம் பெரிது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அவர்களுக்கு வெட்டிச் சீராக்கிய புல்வெளியும் பெயர் பொறித்த கற்களும் உண்டு. கெர்ன்சித் துறைமுகத்தில் அந்த மூன்று பெண்களின் பெயரும் ஒரு பலகையில் இருக்கிறது. காஞ்சனபுரியின் அந்த வரிசைகளில் ஒரு முனுசாமியையோ காளியம்மாளையோ தேடிப் பார்த்தால் கிடைக்க மாட்டார்கள். தண்டவாளத்துக்கு இருபுறமும் காடு மூடிக் கிடக்கிறது.