ஏரியில் எழுந்த பேட்டை



ஒரு நகரத்துப் பேட்டையை நூறாண்டுக் காலம் நின்று பயன்தரும் வகையில் அமைப்பது எங்ஙனம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். நான் பொறியியல் பயின்றவன் அல்லேன்; பல்லாண்டுகள் பூகோளம் கற்பித்து, பின்னர்த் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆதலின் சட்டப் பிரிவுகளைப் பற்றியும் கட்டடக் கலையின் நுட்பங்களைப் பற்றியும் மிகுதியாகப் பேசப் போவதில்லை. நீங்கள் அறிந்த ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, அதன் கதையிலிருந்தே திட்டமிடுதலின் இலக்கணத்தைக் காண முயல்வோம். அவ்விடம் சென்னைத் தியாகராய நகர். தீபாவளிக்குத் துணி எடுக்கவும், திருமணத்திற்கு நகை வாங்கவும் வெளியூர்களிலிருந்தும் மக்கள் அங்கு வந்து குவிகின்றனர். உங்களுள் பலர் அக்கூட்டத்தில் நெருக்குண்டு நடந்திருப்பீர்கள்.

அங்ஙனம் நடக்கும்போது நம் காலடியில் இருப்பது ஓர் ஏரியின் தரை என்பது எவருக்கும் நினைவில் வருவதில்லை. மவுண்ட் ரோடு என்று முன்னர் வழங்கிய அண்ணா சாலைக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரையில் நீண்டு வளைந்த ஓர் ஏரி கிடந்தது. ஆங்கிலேயர் தம் படங்களில் அதனை ‘லாங் டாங்க்’ என்று குறித்தனர். நெட்டேரி என்று நாம் சொல்லலாம். இன்றும் மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்று ஒரு சாலை உண்டு. அங்கு நின்று பார்த்தால் எந்த ஏரியும் தெரியாது. நுங்கம்பாக்கத்தில் ‘டாங்க் பண்ட் ரோடு’, அதாவது ஏரிக்கரைச் சாலை, இருக்கிறது. ஏரி போயிற்று, பெயர்ப் பலகை மட்டும் எஞ்சி நிற்கிறது.

முதல் உலகப் போருக்குப் பின்னர்ச் சென்னையில் வீட்டுப் பஞ்சம் மிகுந்தது. 1920ஆம் ஆண்டில் சென்னை இராஜதானியில் நகரமைப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதனைத் தொடர்ந்து அந்த 1920களிலேயே நெட்டேரியின் மாம்பலப் பகுதி வடிக்கப்பட்டு, மனைகளாகப் பிரிக்கப்பட்டது. நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயச் செட்டியார் 1925இல் மறைந்தார். புதிய நகர் அவர் பெயரைப் பெற்றது. நடுவில் அமைந்த பூங்காவுக்கு அக்கட்சி ஆட்சியின் முதலமைச்சராக விளங்கிய பனகல் அரசரின் பெயர் சூட்டப்பட்டது. அகன்ற வீதிகள் அப்பூங்காவை நோக்கி வந்து சேருமாறு வகுக்கப்பட்டன. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியதும், மாம்பலம் நிலையம் இப்பேட்டைக்கு வாயிலாயிற்று.

இவ்விடத்தில் ஓர் அறிஞரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஸ்காட்லாந்து நாட்டு உயிரியல் அறிஞர் பாட்ரிக் கெட்டிஸ் நகரமைப்புத் துறைக்கு வந்து சேர்ந்தவர். 1914இல் அவர் இந்தியாவுக்கு வந்தார். அவர் பல்லாண்டு திரட்டிய நகரக் கண்காட்சிப் படங்கள் வேறொரு கப்பலில் வந்துகொண்டிருந்தன. அக்கப்பலை ஜெர்மானியரின் ‘எம்டன்’ மூழ்கடித்துவிட்டது. ஆம், அதே ஆண்டு செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசிய அதே எம்டன்தான்! அடங்காத பிள்ளையை நம் பாட்டிமார் ‘எம்டன்’ என்று வைவதற்குக் காரணமான கப்பல். கெட்டிஸ் மனம் தளரவில்லை. நண்பர்கள் மீண்டும் திரட்டி அனுப்பிய படங்களைக் கொண்டு 1915இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார். அவர் வற்புறுத்திய கருத்து எளியது. மருத்துவன் நாடி பார்த்த பின்னரே மருந்து கொடுக்கிறான். அதுபோல, ஊரை நடந்து பார்த்து அறிந்த பின்னரே அதன்மீது கோடு போடவேண்டும். கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்கும் பழக்கத்தையும் அவர் தம் இந்திய அறிக்கைகளில் கண்டித்தார். குளம் காற்றைக் குளிர்விக்கிறது, வெள்ளத்தைத் தாங்குகிறது. கொசுவுக்கு மீனும் வாத்தும் போதும் என்பது அவர் வாதம்.

அவர் பேச்சைக் கேட்டிருந்த நகரத்திலேயே, பத்தாண்டுகள் கழிவதற்குள் ஒரு பேரேரி மனையாயிற்று.

ஏரி என்பது என்ன? பள்ளமான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் ஒரு கரை. பாசனத்துக்கு மதகு. நிரம்பி மிஞ்சும் நீர் கரையை உடைக்காமல் வெளியேறக் கலங்கல். கலங்கலிலிருந்து ஒரு கால். அது அடுத்த ஏரிக்கோ ஆற்றுக்கோ செல்லும். நீரை வடித்துவிட்டால் ஏரி மறைந்தது என்று எண்ணுகிறோம். மறைந்தது நீர் மட்டுமே. பள்ளம் அங்கேயே இருக்கிறது. மேட்டு நிலத்து மழை முன்போலவே அதனை நாடி வரும். இன்று தியாகராய நகரின் மழைநீரை ஏற்றுச் செல்வது மாம்பலம் கால்வாய். அது வள்ளுவர் கோட்டத்தின் அருகே தொடங்கி, நந்தனம் பக்கம் அடையாற்றில் கலக்கிறது. வள்ளுவர் கோட்டமும், 1976இல் திறக்கப்பெற்ற அந்த அழகிய கட்டடமும், ஏரி இருந்த இடத்தில் எழுந்ததே. ஒரு பேரேரியின் பொறுப்பு முழுவதும் இப்போது ஒரு கால்வாயின் தலைமேல் விழுந்திருக்கிறது. 2021 நவம்பரில் அதனுள் கட்டட இடிபாடுகள் அடைபட்டுக் கிடந்தபோது பேட்டையின் பெருவீதிகளில் நாட்கணக்கில் நீர் நின்றது.

ஆனால் 1920களில் திட்டமிட்டோரை நான் பழிக்க விரும்பவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற நன்மையையும் எடை போடவேண்டும். வகுப்பில் நான் இதனை வேறு விதமாக விளக்குவதுண்டு. ஒரு பேட்டையில் நான்கு கடிகாரங்கள் ஓடுகின்றன. கடையின் பெயர்ப்பலகை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறும். வீடு நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் இடித்துக் கட்டப்படும். தெருவின் கோடு நூறாண்டானாலும் மாறாது. ஏனெனில் அதனை மாற்ற இருமருங்கிலும் உள்ள அத்தனை பேருடைய சொத்தையும் தொடவேண்டும். நிலத்தின் சரிவோ, நம் கணக்கில் மாறுவதே இல்லை. ஆகவே திட்டமிடுபவன் கடைசிக் கடிகாரத்திலிருந்து தொடங்கி முதற் கடிகாரத்திற்கு வரவேண்டும். முதலில் நீர், பின்பு தெருவும் திறந்த வெளியும், அதன்பின் வீடு, இறுதியில் கடை. நம் நகரங்களில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. கடைக்கு இடம் தேடுவதில் தொடங்கி, மழை வந்தபின் நீரைப் பற்றி எண்ணுகிறோம். சென்னைக்கு 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் பெருந்திட்டம்கூட 2026ஆம் ஆண்டைத் தன் எல்லையாகக் கொண்டது. பதினெட்டு ஆண்டு என்பது ஒரு வீட்டின் வயதிற்கும் குறைவு.

தெருக் கடிகாரத்தை நன்கு கணித்தவர்கள் தியாகராய நகரை வகுத்தோர். தியாகராயர் சாலைக்கு அவர்கள் விட்ட அகலம் அன்றைய குதிரை வண்டிகளுக்கு மிகை. பின்னர் மோட்டார் வண்டிகள் வந்து அந்த மிகையை விழுங்கின. நடப்பவர்கள் ஓரத்திற்குத் தள்ளப்பட்டனர். 2019 நவம்பரில் பாண்டி பஜார்ப் பகுதியில் நடைபாதைகள் பெரிதும் அகலப்படுத்தப்பட்டன. முதியோர் அமர்வதற்கு இருக்கைகளும் வந்தன. முன்னோர் விட்ட அகலம் இல்லையேல் இது இயலுமா? பனகல் பூங்காவைப் பாருங்கள். எந்த உடனடிப் பயனும் கருதாமல் வெறுமையாக விடப்பட்ட நிலம். நூறாண்டு கழித்து மெட்ரோ இரயிலுக்குச் சுரங்க நிலையம் வேண்டியபோது, வீடுகளை இடிக்காமல் வேலை தொடங்க அங்கேதான் இடம் கிடைத்தது. (அதற்காக மரங்கள் சில போயின என்பதில் எனக்கு வருத்தமே.)

இதற்கு மாறாக ரங்கநாதன் தெரு. நிலையத்தையும் உஸ்மான் சாலையையும் இணைக்கும் சிறு குடியிருப்புத் தெருவாக இருந்தது. இரயிலை விட்டு இறங்குவோர் அனைவரும் அதன் வழியே நடந்தனர். நடக்கும் இடத்தில் கடை முளைத்தது. கடைக்காக மேலும் பலர் வந்தனர். தெருவின் அகலம் மட்டும் பழைய அகலமே. 2023இல் மாம்பலம் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைத்து ஆகாய நடைபாதை ஒன்று திறக்கப்பட்டது. தரையில் விட மறந்த வழியை வானத்தில் தேட நேர்ந்தது என்று சொல்லலாம். பயனுள்ள பணிதான், ஆனால் எவ்வளவு செலவு!

இனி வீட்டுக் கடிகாரத்திற்கு வருவோம். கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிரவுண்டு மனை 2,400 சதுர அடி, ஏறக்குறைய 223 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவினது. இரண்டையும் பெருக்கினால், ஒரு கிரவுண்டின்மீது ஆண்டொன்றுக்கு விழும் நீர் ஏறக்குறைய 3,12,000 லிட்டர். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் குடிநீர்த் திட்டங்களுக்குக் கொள்ளப்படும் அளவு. ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்கு ஆண்டுக்கு 2,46,000 லிட்டர் போதும். பார்த்தீர்களா? ஒரு மனைக்கு ஒரு வீடு, சுற்றித் தோட்டம், கொல்லையில் கிணறு என்று இருந்த நாளில், அம்மனைமேல் பெய்த மழையே அவ்வீட்டின் தேவையைவிட மிகுதி. அதே மனையில் இன்று எட்டுக் குடும்பம் வாழும் அடுக்குமாடி எழுகிறது. குடும்பத்திற்கு நால்வர் என்று வைத்தாலும் 32 பேர். தேவை ஆண்டுக்கு 15,76,800 லிட்டர். மழை கொடுப்பது அதில் ஐந்தில் ஒரு பங்கே. மிச்சம் வேறோர் ஊரின் ஏரியிலிருந்து வரவேண்டும். வராவிடில் லாரியில் வரவேண்டும். அந்த ஒரு பங்கையும் சிமெண்டுத் தளம் மண்ணுக்குள் விடாமல் தெருவுக்குத் தள்ளிவிடுகிறது. கோடையில் தண்ணீர்ப் பஞ்சமும் ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளமும் ஒரே பேட்டையை வாட்டுவதன் மர்மம் இதுதான். இவை இரண்டு நோய்கள் அல்ல.

அடுக்குமாடியே கூடாது என்பது என் கட்சியன்று. இரயிலுக்கும் பள்ளிக்கும் அருகில் பலர் வாழ்வது நன்று. தொலைவில் வீடு கட்டித் தினந்தோறும் இரண்டு மணி நேரம் பயணம் செய்வது நல்ல வளர்ச்சியாகாது. நடைபாதையில் பூவும் வளையலும் விற்றுப் பிழைப்போருக்கும் பேட்டையில் இடம் வேண்டும். ஆனால் மனையின்மேல் ஆட்களைப் பெருக்கும்போது, மனையின் கடமையையும் பெருக்கவேண்டும்.

கடமை என்றால் எவ்வளவு? அதனையும் கணக்கிடலாம். ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு கிரவுண்டில் விழுவது 22,300 லிட்டர். பத்தடி நீளம், பத்தடி அகலம், எட்டடி ஆழமுள்ள ஒரு நிலத்தடித் தொட்டியின் கொள்ளளவு 800 கன அடி. லிட்டரில் சொன்னால் 22,650. அதாவது, நம் ஊரில் சம்ப் என்று வழங்கும் தொட்டி ஒன்று, அன்றைய மழை முழுவதையும் தெருவுக்கு விடாமல் தாங்கிக்கொள்ளும். 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மணலும் கூழாங்கல்லும் நிரப்பிய குழிகளைப் பலரும் அமைத்தனர். பிறகு அவற்றைத் தூர் எடுத்தவர் எத்தனை பேர்? முற்காலத்தில் ஏரியின் கரையையும் மதகையும் ஊரார் கூடிச் செப்பனிட்டனர். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். பேட்டைவாசிகள் கூடி ஆவணி மாதத்தில் கால்வாயின் அடைப்பையும் தெருவடிகாலையும் பார்வையிடும் ஏற்பாடு எந்தத் திட்ட ஏட்டிலும் இடம் பெறவேண்டிய ஒன்று.

பழைய வீடுகளை இப்போதே இடிக்கச் சொல்வார் யாரும் இலர். அதற்குத் தேவையும் இல்லை. வீட்டுக் கடிகாரம் தானே ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு மனையும் நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் ஒருமுறை இடித்துக் கட்டப்படும் நாள் வரும்; அன்று வரைபடத்தோடு அனுமதி கேட்டு நகராட்சியின் வாயிலுக்கு உரிமையாளர் வந்தே தீரவேண்டும். அந்த ஒரு நாளில் தொட்டியையும், மண் திறந்த முற்றத்தையும், ஒரு மரத்திற்கான இடத்தையும் கேட்டுப் பெற்றுவிட்டால் போதும். இன்று கல்லூரியில் இருக்கும் நீங்கள் என் வயதை எட்டும்போது, தியாகராய நகரின் மனைகளுள் பெரும்பாலானவை அந்த வாயிலை ஒருமுறை கடந்திருக்கும்.