பட்டறை வெக்கை: கணினிப் படம் காட்டினால் போதுமா?

தகரக் கூரை, உள்ளே உலை, மே மாத மதியம். கோவை ஃபவுண்டரிகளில் நிற்பவர்களுக்கு இந்த மூன்றும் சேர்ந்தால் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. தலைசுற்றல், வாந்தி, தசைப்பிடிப்பு என்று தொடங்குவது வெப்ப வாதமாக முற்றினால் உயிரே போகலாம். பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிறுங்கள்.

விசிறி மட்டும் தீர்வா?

“கூடுதல் ஃபேன் மாட்டியாகிவிட்டதே” என்பதுதான் வழக்கமான பதில். காற்றே உடம்பைவிட மிகவும் சூடாக இருந்தால், ஃபேன் அந்தச் சூட்டைத்தான் மேலே இறைக்கும். உலையின் கதிர்வீச்சை எந்த ஃபேனும் தடுக்காது. அதற்கு மறைப்புத் தகடு வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் திறந்த கதவருகே இருந்தால், உள்ளே வரும் புதுக்காற்று ஆட்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் வெளியேறிவிடும்.

கணினி எப்படி உதவும்?

பொறியாளர்கள் சி.எஃப்.டி. என்று சொல்லும் முறை, கூடத்தைப் பல லட்சம் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்றின் வேகம், அழுத்தம், வெப்பம் ஆகியவற்றைக் கணக்கிடுகிறது. கூரை முகட்டில் திறப்பு வைத்தால் என்னாகும், கீழே ஜன்னல் வைத்தால் என்னாகும் என்று ஒரு செங்கல்லையும் பெயர்க்காமல் பார்த்துவிடலாம். ஓப்பன்ஃபோம் போன்ற இலவச மென்பொருள்கள் இருப்பதால், பொறியியல் கல்லூரிகளின் துணையோடு சிறு ஆலைகளும் முயலலாம்.

என்ன கேட்க வேண்டும்?

கொடுத்த விவரத்தை வைத்துத்தான் கணினி கணக்குப் போடும். “எல்லாம் சரி” என்று வண்ணப் படத்தை நீட்டினால் கேளுங்கள்:

- எந்த மாதம், எந்த நேரத்துக்கான கணக்கு?
- எல்லா உலைகளும் எரியும்போது எடுத்ததா?
- கதிர்வீச்சும் ஈரப்பதமும் சேர்ந்ததா?
- ஆள் மூச்சு விடும் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலா, கூடத்தின் சராசரியா?
- கருவி வைத்து அளந்து சரிபார்த்தார்களா?

உரிமையும் முறையீடும்

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் (2020), காற்றோட்டம், வெப்பம், ஈரப்பதம் மூன்றையும் முதலாளியின் பொறுப்பில் வைக்கிறது. பாதுகாப்பு, உடல்நலம் தொடர்பான தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையை 14ஆம் பிரிவு தருகிறது. இதைக் காட்டி கணினி ஆய்வின் அறிக்கையைக் கேளுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால், முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்கலாம்.

முறையீட்டை எழுத்தில் கொடுங்கள். தேதி, நேரம், வெப்பமானி காட்டிய அளவு, மயங்கி விழுந்தவர்களின் விவரம் ஆகியவற்றைக் குறித்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தை அணுகலாம்.

“ஆய்வு முடியட்டும்” என்று காலம் கடத்த இடம் கொடுக்காதீர்கள். கூரைக்கு வெள்ளையடிப்பது, கூரையை உயர்த்துவது, மேலே இரண்டாம் கூரை போடுவது ஆகிய வழிகளை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 13ஆம் பிரிவே சொல்லியிருந்தது. வெள்ளையடிக்க எந்தக் கணினியும் தேவையில்லை.