டப்ளின் லிபர்ட்டீஸ் மதுவாலை நடைப்பயணம்

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் லிபர்ட்டீஸ் என்னும் பழைய குடியிருப்புப் பகுதி உள்ளது. அங்குள்ள பீர் ஆலையையும் விஸ்கி வடிசாலைகளையும் வழிகாட்டியுடன் நடந்தே சுற்றிப் பார்ப்பது டப்ளின் மதுவாலை நடைப்பயணம் எனப்படுகிறது. கிறைஸ்ட் சர்ச் பேராலயத்திலிருந்து மேற்கே தாமஸ் தெரு, ஜேம்ஸ் தெரு வழியாகச் செல்லும் பாதை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுடையது. 19ஆம் நூற்றாண்டில் உலகின் மிகப் பெரிய மதுத்தொழில் மையங்களுள் ஒன்று இந்தச் சிறிய பரப்பில்தான் இருந்தது. ஆகவே இந்த நடை ஒரு நகரம் மதுவினால் அடைந்த செல்வத்தையும், அதே மதுவினால் பட்ட துன்பத்தையும் ஒருங்கே காட்டுகிறது.

பெயரும் இடமும்

இடைக்காலத்தில் டப்ளின் மதிலுக்கு வெளியே அமைந்திருந்த சில நிலப்பகுதிகள் நகராட்சியின் அதிகாரத்துக்கு உட்படாமல் இருந்தன. மடங்களும் பிரபுக்களும் தமக்கெனத் தனி நீதிமன்றமும் வரி உரிமையும் வைத்து அவற்றை ஆண்டனர். இந்த விடுபாட்டைக் குறிக்கும் சொல்லே லிபர்ட்டீஸ் என்ற பெயராக நிலைத்தது.

நெசவு, தோல் பதனிடுதல், மது காய்ச்சுதல் ஆகிய தொழில்கள் இங்கே செழித்தன. பாடில் என்னும் சிற்றாறும், நகருக்கு நீர் கொண்டுவந்த கால்வாயும் இவற்றுக்குத் தண்ணீர் தந்தன. மதுத்தொழிலில் தண்ணீரே முதல் மூலப்பொருள். 1775இல் நகராட்சி கால்வாய் நீரைத் தடுக்க முயன்றபோது, ஆர்தர் கின்னஸ் கடப்பாறையைக் கையில் எடுத்துக்கொண்டு எதிர்த்து நின்றார். பாடில் ஆறு இன்று பெரும்பாலும் தெருக்களுக்கு அடியில் ஓடுகிறது.

செயின்ட் ஜேம்சஸ் கேட் பீர் ஆலை

ஆர்தர் கின்னஸ் 1759 டிசம்பர் 31 அன்று, பயன்பாடின்றிக் கிடந்த ஒரு பீர் ஆலையை ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகையில் 9,000 ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்தார். நிறுவனம் பின்னர் அந்த நிலத்தையே விலைக்கு வாங்கிவிட்டதால் குத்தகை பொருளற்றதாகிவிட்டது. எனினும் அந்த ஆவணம் இன்றும் பார்வையாளர் மையத்தின் தரையில் கண்ணாடிக்கு அடியில் வைக்கப்பட்டுள்ளது.

தொடக்கத்தில் இங்கே ஏல் என்னும் வெளிர்நிற மது தயாரிக்கப்பட்டது. லண்டன் சுமைதூக்குவோர் விரும்பிக் குடித்த, போர்ட்டர் எனப்படும் கரிய பீருக்கு வரவேற்புப் பெருகியது. அதனால் 1799இல் ஏல் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது உலகின் மிகப் பெரிய பீர் ஆலையாக வளர்ந்திருந்தது.

பார்வையாளர்கள் காணும் ஸ்டோர்ஹவுஸ் கட்டடம் 1904இல் கட்டி முடிக்கப்பட்டது. சிகாகோ நகரக் கட்டட முறையைப் பின்பற்றி எஃகுச் சட்டத்தில் எழுப்பப்பட்ட இது 1988 வரை பீர் நொதிக்கும் இடமாக இருந்தது. 2000ஆம் ஆண்டில் ஏழு தளங்கள் கொண்ட காட்சியகமாகத் திறக்கப்பட்டது. நடுவிலுள்ள திறந்த வெளி ஒரு பீர்க் குவளையின் வடிவில் அமைந்துள்ளது. உச்சித் தளத்திலிருந்து நகரம் முழுவதையும் பார்க்கலாம். இது காட்சியகம் மட்டுமே. இன்றைய உற்பத்தி அருகிலுள்ள ஆலைக் கட்டடங்களில் நடைபெறுகிறது.

பீர் உருவாகும் முறை

பார்லி தானியத்தை நீரில் ஊறவைத்து முளைகட்டும்போது, அதிலுள்ள மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும் நொதிகள் தோன்றுகின்றன. முளை மேலும் வளராதபடி உலர்த்தப்பட்ட பார்லியே மால்ட் எனப்படும். இதை அரைத்து வெந்நீரில் கலந்தால் இனிப்பான சாறு கிடைக்கும். அதனுடன் ஹாப்ஸ் என்னும் கொடியின் பூக்களைச் சேர்த்துக் கொதிக்க வைக்கின்றனர். கசப்பையும் மணத்தையும் தருவதோடு பீர் கெடாமல் காப்பதும் ஹாப்ஸே. ஆறிய சாற்றில் ஈஸ்ட் இடப்படுகிறது. ஈஸ்ட் சர்க்கரையை உண்டு, ஆல்ககாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது.

கின்னஸ் பீரின் கருமைக்குக் காரணம் 232 பாகை செல்சியசில் வறுக்கப்பட்ட பார்லி. காப்பிக் கொட்டையை வறுக்கும்போது நிறமும் மணமும் மாறுவதைப் போன்றதே இதுவும். குவளையின் மேல் நிற்கும் பால்போன்ற நுரைக்குக் காரணம் நைட்ரசன். கணிதம் பயின்று நிறுவனத்தில் சேர்ந்த மைக்கேல் ஆஷ் இம்முறையை உருவாக்க, 1959இல் அது அறிமுகமானது. நைட்ரசன் நீரில் எளிதில் கரையாது. அதன் குமிழிகள் மிகச் சிறியவை. அதனால் நுரை மென்மையாகவும் நெடுநேரம் நிலைப்பதாகவும் இருக்கிறது.

பீர் ஆலையில் பிறந்த புள்ளியியல்

புள்ளியியல் படிக்கும் மாணவர் அனைவரும் ஸ்டூடண்ட் டி சோதனையை அறிவர். அதை உருவாக்கிய வில்லியம் சீலி கோசெட் 1899இல் கின்னஸ் ஆலையில் பணிக்குச் சேர்ந்தவர். எந்தப் பார்லி வகை சிறந்தது, எந்த ஹாப்ஸ் தரமானது என்பவற்றை மிகச் சில மாதிரிகளைக் கொண்டே முடிவு செய்ய வேண்டிய நெருக்கடி அவருக்கு இருந்தது. பெரிய மாதிரிகளுக்கு உரிய அக்காலக் கணக்குகள் இதற்குப் பொருந்தவில்லை. சிறு மாதிரிகளுக்கென அவர் கண்ட தீர்வு 1908இல் வெளியானது. பணியாளர்கள் தம் பெயரில் ஆய்வுகளை வெளியிட நிறுவனம் அனுமதிக்காததால், அவர் 'ஸ்டூடண்ட்' என்னும் புனைபெயரைப் பயன்படுத்தினார். அப்பெயரே பாடநூல்களில் நிலைத்துவிட்டது.

விஸ்கி வடிசாலைகள்

விஸ்கி என்னும் சொல், உயிர் நீர் எனப் பொருள்படும் 'இஷ்கெ பாஹா' என்ற ஐரிய மொழித் தொடரிலிருந்து பிறந்தது. ஹாப்ஸ் சேராத பீர் போன்ற நொதித்த சாற்றைக் காய்ச்சி வடிப்பதால் கிடைப்பதே விஸ்கி. ஆல்ககால் ஏறத்தாழ 78 பாகையிலும் நீர் 100 பாகையிலும் கொதிக்கின்றன. எனவே சாற்றைச் சூடாக்கும்போது ஆல்ககால் மிகுந்த ஆவி முதலில் எழுகிறது. அதைக் குளிர்வித்துச் சேகரிக்கின்றனர். இதற்குப் பயன்படும், கழுத்து நீண்ட செம்புக் கலம் வாலை எனப்படும். செம்பு வெப்பத்தை நன்கு கடத்துவதோடு, கந்தகச் சேர்மங்களை ஈர்த்துத் தீய வாடையை நீக்குகிறது.

டப்ளின் வடிசாலைகளில் மும்முறை வடித்தல் வழக்கமாயிற்று. மால்ட்டுடன் முளைகட்டாத பார்லியையும் கலப்பது அயர்லாந்து விஸ்கியின் மற்றொரு தனித்தன்மை. 1785இல் மால்ட்டுக்கு விதிக்கப்பட்ட வரியின் சுமையைக் குறைக்க இக்கலப்பு பரவியது. வரிக்காகச் செய்த மாற்றமே பின்னர் சுவையின் அடையாளமானது. வடித்த மதுவை மரப்பீப்பாயில் அயர்லாந்துத் தீவிலேயே மூன்றாண்டுகளுக்குக் குறையாமல் வைத்திருந்தால்தான் அதை அயர்லாந்து விஸ்கி என்று சட்டப்படி அழைக்க முடியும். புட்டியில் அடைக்கும்போது ஆல்ககால் 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது.

நடைப்பயணத்தில் பழைய வடிசாலைகளின் எச்சங்கள் பல எதிர்ப்படுகின்றன. ஜேம்ஸ் பவர் 1791இல் தொடங்கிய வடிசாலையின் வளாகத்தில் இன்று தேசியக் கலை வடிவமைப்புக் கல்லூரி இயங்குகிறது. மூன்று பெரிய செம்பு வாலைகள் அங்கே திறந்த வெளியில் நிற்கின்றன. தாமஸ் தெருவில் செம்புக் குவிமாடமும் புனித பேட்ரிக்கின் உருவமும் தாங்கி நிற்கும் கோபுரம், ஜார்ஜ் ரோ நிறுவனத்தின் காற்றாலையாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரோவின் வடிசாலை ஐரோப்பாவின் மிகப் பெரிய வடிசாலைகளுள் ஒன்றாக விளங்கியது, 1920களில் மூடப்பட்டது.

விஸ்கி ஆறு ஓடிய இரவு

1875 ஜூன் 18 இரவு, லிபர்ட்டீசின் சேம்பர் தெருப் பகுதியில் இருந்த மதுக் கிடங்கு ஒன்று தீப்பற்றியது. அங்கே சுமார் 5,000 பெரிய பீப்பாய்களில், 10 லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட மது இருந்தது. வெப்பத்தில் பீப்பாய்கள் வெடிக்க, எரியும் விஸ்கி தெருக்களில் ஆறாக ஓடி வீடுகளைக் கொளுத்தியது.

தண்ணீரைப் பாய்ச்சினால் எரியும் மது அதனோடு சேர்ந்து மேலும் பரவிவிடும் என்பதைத் தீயணைப்புப் படைத் தலைவர் ஜேம்ஸ் இங்கிராம் உணர்ந்தார். மணலும் சரளையும் கொட்டச் செய்தார். பின்னர் நகரின் குதிரைச் சாணக் குவியல்களை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து தெருவுக்குக் குறுக்கே அணையாகப் போடச் செய்தார். ஈரச் சாணம் விஸ்கியை உறிஞ்சித் தடுத்ததால் தீ அடங்கியது.

அன்றைய நிகழ்வின் விளைவாக 13 பேர் இறந்தனர். ஒருவர்கூடத் தீயினாலோ புகையினாலோ சாகவில்லை. தெருவில் ஓடிய விஸ்கியைத் தொப்பியிலும் காலணியிலும் அள்ளிக் குடித்ததால் உடலில் ஆல்ககால் நஞ்சேறி இறந்தவர்களே அனைவரும். பீப்பாயில் இருக்கும் விஸ்கி, புட்டியில் அடைக்கும் முன் நீர் கலக்கப்படாதது, மிகவும் வீரியமானது. விலைமதிப்புள்ள அந்தச் சரக்கைக் காசு கொடுத்து வாங்க இயலாத ஏழைகள் அதன் அருகிலேயே நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்தனர் என்பதும் இந்த இறப்புகளுக்குள் அடங்கிய உண்மை.

மதுவின் செல்வம் கட்டிய நகரம்

டப்ளினின் இரு பெரும் பேராலயங்களும் மதுப் பணத்தால் புதுப்பிக்கப்பட்டவை. செயின்ட் பேட்ரிக் பேராலயத்தை 1860களில் பெஞ்சமின் லீ கின்னஸ் தம் செலவில் பழுது பார்த்தார். கிறைஸ்ட் சர்ச் பேராலயத்தின் புதுப்பிப்புக்கு 1870களில் விஸ்கி முதலாளி ஹென்றி ரோ 2,30,000 பவுண்டு செலவிட்டார். எட்வர்ட் செசில் கின்னஸ் 1890இல் ஏழைத் தொழிலாளர் குடியிருப்புக்காக ஓர் அறக்கட்டளையை நிறுவினார். செயின்ட் பேட்ரிக் பேராலயத்தின் அருகே அதன் வழியாக எழுந்த செங்கல் குடியிருப்புகளில் இன்றும் மக்கள் வாழ்கின்றனர்.

அதே காலத்தில் குடியின் கேட்டுக்கு எதிரான குரலும் அயர்லாந்தில் வலுவாகவே இருந்தது. கார்க் நகரில் 1838இல் தியோபால்ட் மேத்யூ என்னும் பாதிரியார் தொடங்கிய மதுவிலக்கு இயக்கத்தில் இலட்சக்கணக்கானோர் குடிப்பதில்லை என உறுதிமொழி எடுத்தனர்.

வீழ்ச்சியும் மீட்சியும்

அயர்லாந்தில் ஆயத்தீர்வை அதிகாரியாக இருந்த எனியஸ் காஃபி 1830இல் தூண் வடிவ வாலைக்குக் காப்புரிமை பெற்றார். செம்பு வாலையில் ஒவ்வொரு முறையும் கலத்தை நிரப்பிக் காலி செய்ய வேண்டும்; தூண் வாலையோ இடைவிடாது, மலிவாக வடிக்கும். சுவையற்ற மது என்று கூறி டப்ளின் முதலாளிகள் அதைப் புறக்கணித்தனர். ஸ்காட்லாந்தினர் ஏற்றுக்கொண்டு, கலப்பு விஸ்கியால் உலகச் சந்தையைப் பிடித்தனர். அயர்லாந்து விடுதலைப் போராட்டத்தை ஒட்டி எழுந்த வணிகத் தடைகளும், 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் நிலவிய மதுவிலக்கும் எஞ்சிய சந்தையையும் பறித்தன.

1966இல் ஜேம்சன், பவர் நிறுவனங்களும் கார்க் வடிசாலை நிறுவனமும் ஒன்றாக இணைந்தன. 1970களின் நடுவில் உற்பத்தி கார்க் மாவட்டத்தின் மிடில்டனுக்கு மாறியது. அதன்பின் டப்ளினில் விஸ்கி வடிப்பதே நின்றுபோனது. தீவு முழுவதிலும் மிடில்டன், புஷ்மில்ஸ் என இரண்டு வடிசாலைகளே எஞ்சின.

2015இல் நியூமார்க்கெட் சதுக்கத்தில் டீலிங் வடிசாலை திறக்கப்பட்டது. 125 ஆண்டுகளுக்குப் பின் டப்ளினில் தோன்றிய முதல் புதிய வடிசாலை இதுவே. 2017இல் பழைய செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்துக்குள் பியர்ஸ் லயன்ஸ் வடிசாலையும், 2019இல் கின்னஸ் ஆலையின் முன்னாள் மின் நிலையத்தில் ரோ அண்டு கோ வடிசாலையும் தொடங்கின. இத்தகைய சிறிய வடிசாலைகளில் அரைத்தல், நொதித்தல், வடித்தல் ஆகியவை நடைபெறும்போதே பார்வையாளர் அருகில் நின்று காணலாம்.

பார்வையாளருக்கான விவரங்கள்

அயர்லாந்தில் மது வாங்குவதற்கான குறைந்த வயது 18. வயதில் குறைந்தவர்கள் பெரியவர்களுடன் ஸ்டோர்ஹவுசுக்குள் செல்லலாம். அவர்களுக்கும் மது அருந்தாதவர்களுக்கும் மாற்றுப் பானம் தரப்படும். மதுவினால் வரும் உடல்நலக் கேட்டைக் குறைக்கும் நோக்கில், 10 கிராம் ஆல்ககாலுக்கு ஒரு யூரோ என்னும் குறைந்தபட்ச விலை 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. தீ விபத்து நேர்ந்த சேம்பர் தெரு, டீலிங் வடிசாலையிலிருந்து சில நிமிட நடைத் தொலைவிலேயே அமைந்துள்ளது.